தெரியாத துடுப்பு

கண்ணாடிக் கடைக்காரருக்குக் கண் தெரியவில்லை என்ற செய்தி ஒரே வாரத்தில் சொந்தபந்தம் முழுக்கப் பரவிவிட்டது. பரப்பியவன் அவருடைய மச்சினன். கெட்ட எண்ணத்தில் பரப்பவில்லை. அப்படிச் செய்திருந்தால்கூட அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். இடது கையைத் துணியில் கட்டிக் கழுத்திலே தொங்கவிட்டுக்கொண்டு, வலது உள்ளங்கையில் தையலோடு, பார்க்கிறவர்களிடமெல்லாம் அவன் அத்தானுக்காக வருத்தப்பட்டான்.

"பாவம், அத்தானுக்குத் தூரத்துல கண்ணு தெரியல. அது தெரியாம நான்தான் அவரைக் கடல் முனைக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன். தப்பு என்னோடதுதான்."

கேட்டவர்கள் சிரித்தார்கள். ஊருக்கெல்லாம் கண்ணைச் சோதித்துக் கண்ணாடி மாட்டுகிற மனுஷனுக்கே கண் அவுட்டா? அவரும் கூடச் சேர்ந்து சிரித்து வைத்தார்.

உண்மை என்னவென்றால், கிட்டத்தில் படிக்க மட்டும்தான் அவருக்குக் கண்ணாடி வேண்டும். தூரத்துக்குப் பருந்துக் கண். அன்றைக்கு அந்தத் துடுப்பை அவர் பார்த்தார். நன்றாகவே பார்த்தார்.

அத்தானுக்கும் மச்சினனுக்கும் ஆளுக்கொரு கயாக் உண்டு. பிளாஸ்டிக்கில் வார்த்த ஒல்லிப் படகு. மேலே உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு துடுப்புப் போட வேண்டியதுதான். மச்சினன் ஃபிரிட்ஜ் மெக்கானிக். விடுமுறை நாள் வந்துவிட்டால் இரண்டு பேரையும் வீட்டில் கட்டிப்போட்டாலும் நிற்க மாட்டார்கள். அந்தக் கரை முழுக்கப் பாறை. கடல் ஏறும்போதும் வற்றும்போதும் முனையைச் சுற்றித் தண்ணீர் ஆற்று வெள்ளம் போல ஓடும். இரண்டுக்கும் நடுவே கொஞ்ச நேரம் தண்ணீர் அசையாமல் நிற்கும். அந்த இடைவெளியில் போய்ப் பாறையோரம் தூண்டில் போட்டுவிட்டு, தண்ணீர் திரும்புவதற்குள் வந்துவிட வேண்டும். பேராசைப்பட்டு உட்கார்ந்திருந்தால் கடல் தன் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும்.

அங்கே காற்றில் கத்தினால் காதில் விழாது. அதனால் இருவருக்குள்ளும் ஒரு சட்டம். ஆபத்து என்றால் துடுப்பைத் தலைக்கு மேலே நேராகத் தூக்க வேண்டும். பார்த்தவன் கையில் எது இருந்தாலும் போட்டுவிட்டு ஓடிவர வேண்டும். சட்டம் போட்டவர் கடைக்காரர். தூரத்திலிருந்து தெரியட்டும் என்று மச்சினனின் துடுப்புக்கு ஆரஞ்சு வண்ணம் அடித்துக் கொடுத்தவரும் அவரேதான்.

அன்றைக்குத் தண்ணீர் திரும்புகிற நேரம். கிளம்பலாம் என்று தூண்டிலைச் சுற்றத் தொடங்கியபோதுதான் அவருடைய கம்பு வில்லாக வளைந்தது. கொடுவா மீன். அதுவும் படகையே இழுத்துக்கொண்டு போகிற கொடுவா. இத்தனை வருஷமாகப் பெரிய மீனெல்லாம் மச்சினனுக்குத்தான் மாட்டும். "அத்தான் புடிக்கிறதெல்லாம் பூனைக்குத்தான்" என்று அவர் மனைவியே தம்பியோடு சேர்ந்துகொண்டு கேலி பேசுவாள். இதோ, வாயை அடைக்க ஒரு மீன்.

நிமிர்ந்தார். ஆரஞ்சுத் துடுப்பு வானத்தைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது.

மச்சினனின் நங்கூரம் பாறை இடுக்கில் சிக்கியிருந்தது. ஓடத் தொடங்கிய தண்ணீர் படகை ஒரு பக்கம் தள்ள, கயிறு மறுபக்கம் இழுக்க, படகு சாய்ந்துகொண்டே போனது. கயிற்றை அறுக்கிற கத்தியைக் கைதவறிக் கடலில் விட்டிருந்தான். கடைக்காரரின் இடுப்பில் ஒரு கத்தி இருந்தது. நூலை அறுத்துவிட்டு நாலு தடவை துடுப்பு வலித்தால் போய்ச் சேர்ந்திருக்கலாம்.

ஒரு நிமிஷம், மீன் களைத்துவிடும் என்று நினைத்தார். துடுப்பு இறங்கி மறுபடி ஏறியது. சும்மா பயப்படுகிறான் என்று நினைத்தார். பிறகு அவர் செய்ததுதான் மன்னிக்கவே முடியாதது: முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டே கண்ணை மட்டும் நூலுக்குத் தாழ்த்திக்கொண்டார். பார்க்காதவன் மாதிரி. கொஞ்ச நேரத்தில் நூல் பட்டென்று அறுந்தது. தலையைத் தூக்கினால், படகு கவிழ்ந்து கிடக்கிறது. ஆளைப் பாறையில் அடித்துத் தேய்த்துக்கொண்டிருக்கிறது தண்ணீர். அவர் போய்ச் சேர்வதற்குள், நண்டுக்கூடு எடுக்க வந்த ஒரு மோட்டார் படகுக்காரர் மச்சினனைத் தூக்கிவிட்டார். தோள் எலும்பு இறங்கியிருந்தது. உள்ளங்கை பாறைச் சிப்பியில் கிழிந்திருந்தது.

கரையில் வைத்து மச்சினன் பல் கிடுகிடுக்கக் கேட்டான். "அத்தான், தூக்கிக் காட்டினேனே... பார்க்கலையா?"

"தெரியல மாப்ளே. சத்தியமா தெரியல."

"என் பக்கம்தானே முகத்தை வெச்சிருந்தீங்க?" என்றவன், சட்டென்று முகம் மாறினான். கோபம் இல்லை, கவலை. "அத்தான்! உங்களுக்குக் கண்ணு போயிருச்சு!"

மறுத்திருக்கலாம். அவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

பொய்க்குக் கால் கிடையாது என்பார்கள். இந்தப் பொய்யை மச்சினன் தன் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தான். ஒரு சாயங்காலம் அக்காவையும் இழுத்துக்கொண்டு கடைக்கே வந்துவிட்டான்.

"இன்னிக்கு டெஸ்ட் பண்ணியே ஆகணும். என் செலவுல நல்ல ஃப்ரேமா போட்டுக் கொடுக்கிறேன். இல்லேன்னா இனிமே அத்தானைக் கடலுக்கு விட மாட்டேன்."

"ஊருக்கெல்லாம் உபதேசம், தனக்குன்னா மட்டும் சோம்பேறித்தனம்" என்றாள் மனைவி.

கடையில் கண் சோதிப்பவள் அவருடைய மகள். அதற்கென்றே படித்தவள். "மாமா, அப்பாவுக்குப் போன மாசம்தான் பார்த்தேன். எல்லாம் சரியா இருந்துச்சே" என்றாள்.

"மெஷின் தப்பா காட்டியிருக்கும்மா. எழுத்துப் பலகையைப் போடு" என்றான் மச்சினன்.

வேறு வழியில்லாமல் அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். எத்தனையோ பேரைத் தானே உட்கார வைத்த நாற்காலி. மகள் விளக்கை அணைத்தாள். எதிர்ச் சுவரில் எழுத்துகள் ஒளிர்ந்தன. மூன்றாவது வரிவரை படித்துவிட்டு, நான்காவதில் திணறுகிறவர் போல இழுத்தார். "ப... இல்ல, ம... தெரியலைம்மா."

மகள் சோதனைக் கண்ணாடிச் சட்டத்தை அவர் மூக்கில் மாட்டி, பெட்டியிலிருந்து ஒரு வில்லையை எடுத்துச் செருகினாள். அதன் மேலேயே இன்னொன்றையும் செருகினாள். பிறகு அடுத்த கண்ணுக்கும் அதேபோல.

அது என்னவென்று அவருக்குத் தெரியும். முதல் வில்லை ஒரு பவர், அடுத்தது அதற்கு நேர் எதிர்ப் பவர். ஒன்றையொன்று அடித்துக்கொண்டால் மிஞ்சுவது வெறும் ஜன்னல் கண்ணாடி. கண்ணாடி மாட்டிக்கொள்கிற ஆசையில் பொய் சொல்லும் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கண்டுபிடிக்க வைத்திருக்கிற வித்தை அது. பெற்ற மகள் அதைத் தகப்பன் முகத்தில் வைத்துவிட்டாள்.

"இப்போ தெரியுதாப்பா?" அவள் குரலில் ஒரு மாற்றமும் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

தெரிகிறது என்றால் முன்பு சொன்னது பொய். தெரியவில்லை என்றால் இப்போது சொல்வதும் பொய். இரண்டில் எதைச் சொன்னாலும் மகளுக்குப் புரிந்துவிடும், புரிந்தும்விட்டது. இனி மிச்சமிருப்பது மச்சினன் ஒருவன்தான். அவனோ கட்டுப்போட்ட கையோடு நாற்காலிக்குப் பின்னால், பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவனைப் போல நின்றுகொண்டிருந்தான்.

கடைக்காரர் படித்தார். நான்காவது வரி, ஐந்தாவது, கடைசி வரியின் பொடி எழுத்து வரைக்கும்.

"பார்த்தியாக்கா! கண்ணாடி போட்டதும் கடகடன்னு படிக்கிறாரு!" மச்சினன் துள்ளினான்.

அவர் சட்டத்தைக் கழற்றி மகள் கையில் கொடுத்தார். வெறும் கண்ணோடு கடைசி வரியை மறுபடி படித்தார்.

"அது மனப்பாடம், அத்தான். கடைக்காரருக்குத் தெரியாத பலகையா?"

எவ்வளவு அன்பு. தப்பித்துக்கொள்ள அவனே வழியைத் திறந்து விடுகிறான். நாற்காலியைத் திருப்பினார். கடைக் கண்ணாடிக் கதவுக்கு அப்பால், தெருவுக்கு அந்தப் பக்கம், ஒரு பூட்டுக்கடை. அதன் பலகையின் அடியில் பொடிசாக எழுதியிருந்த போன் நம்பரை ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார்.

மச்சினன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். அவனுக்கு அங்கிருந்து தெரியவில்லை. கதவருகே போய், வெளியே இறங்கி, பாதித் தெரு வரை போய் நின்று பார்த்தான். திரும்பி வர நேரமெடுத்துக்கொண்டான். மனைவி வாயில் கைவைத்துக்கொண்டாள்.

"அப்போ அன்னிக்கு..."

"தெரிஞ்சுது மாப்ளே. ரெண்டு தடவை தூக்கினதும் தெரிஞ்சுது. கம்புல மீன் இருந்துச்சு. கொடுவா."

யாரும் விளக்கைப் போடவில்லை. அடிப்பான், கத்துவான், குறைந்தபட்சம் கடையை விட்டு இறங்கிப் போவான் என்று அவர் எதிர்பார்த்தார். அதில் ஏதாவது ஒன்று நடந்தால் தேவலை என்றிருந்தது.

மச்சினன் தையல் போட்ட உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"மீனாவது கெடச்சுதா, அத்தான்?"

"இல்ல மாப்ளே" என்றார் அவர்.