மூன்றாவது இடத்தில் யூனிஸ் மிஸ்

1.

சிந்தியா டீச்சர் போனில் ஒன்று கேட்டார். பதில் சொல்வதற்குப் பதிலாக எழுத உட்கார்ந்தேன். இந்தக் கதை வந்தது அப்படித்தான்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘பிரேசர் டவுனில் ஒரு சிறிய பள்ளியில், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வீடியோ கேம் ஆடி வாய்ப்பாடு கற்றார்கள்.’ செய்தித்தாள் மாதிரி இருந்தது. அடுத்து: ‘என் மனைவி யூனிஸ் தவறிப்போய் ஏழு மாதம் ஆகிறது, இன்னும் நான்’

அதை முடிக்க வரவில்லை. அப்படியே இருக்கட்டும்.

2.

யூனிஸ் அந்தப் பள்ளியின் கணக்கு டீச்சர். என் அக்கா மகன் ஷெர்வின் தூக்கிப்போட இருந்த பழைய கேம் பெட்டியைக் கொண்டுபோய் வகுப்பு டிவியில் மாட்டினாள். ஆற்றில் பாலம் கட்டும் விளையாட்டு. பெருக்கல் சரியென்றால் ஒரு பலகை சேரும். தப்பென்றால் பொம்மை தண்ணீரில் விழும்.

மணி அடிக்கும் முன் ‘சேவ்’ செய்ய வேண்டும். அதற்குத் தமிழ் என்ன என்று பிள்ளைகள் கேட்டார்கள். பிராட்டஸ்டண்ட் வீட்டுப் பெண். யோசிக்காமல் “இரட்சிக்கிறது” என்றாள். மறுநாள் வகுப்பே கத்தியது: “மிஸ், என்னை இரட்சிங்க! பெல் அடிக்கப் போவுது!” ஏதோ ஜெபக்கூட்டம் என்று நினைத்து ஹெட்மாஸ்டர் ஞானசேகரன் ஓடி வந்தார்.

[ஓடியது நான் சேர்த்தது. அவருக்கு முழங்கால் வலி.]

நான் கத்தோலிக்கன். “எங்க கோயில்ல மீட்புன்னுதான் சொல்லுவோம்,” என்றேன்.

“சரி, நிறுத்தி வெக்கிறதுக்கு இரட்சிப்பு. விட்ட எடத்துலேர்ந்து திரும்பக் கொண்டு வர்றதுக்கு மீட்பு. ரெண்டு சபைக்கும் எடம் குடுத்தாச்சு. போய் டீ போடுங்க.”

3.

பெட்டியில் சேமிக்க மூன்றே இடங்கள். ஏ பிரிவுக்கு ஒன்று, பி பிரிவுக்கு ஒன்று. மூன்றாவதில் யூனிஸ் தானே ஆடிப் பழகினாள். இந்த ஆண்டு சி பிரிவு புதிதாக வந்திருக்கிறது.

“அங்கிள், சி செக்‌ஷன் பிள்ளைங்க ஒரு மாசமா சும்மா பாத்துட்டே உக்காந்திருக்காங்க,” என்றார் யூனிஸின் வகுப்பை இப்போது எடுக்கும் சிந்தியா, போனில். “மிஸ்ஸோட கேமை அழிச்சாத்தான் எடம். எனக்கு மனசு வரல. நீங்களே வந்து சொல்லிடுங்க.”

(முதல் வரைவில் சிந்தியாவைக் கல்நெஞ்சக்காரியாக எழுதியிருந்தேன். எனக்கு அது வசதியாக இருந்தது. அடித்துவிட்டேன்.)

நகல் எடுக்க முடியாதா என்று ஷெர்வினைக் கேட்டேன். “பழைய பெட்டி மாமா, எடுக்க வராது.”

4.

போனேன். சி பிரிவிலிருந்து லீனா என்ற சிறுமி கன்ட்ரோலரை என் கையில் வைத்தாள். மூன்றாவது இடத்தைத் திறந்தேன்.

கணக்கு டீச்சர் பதினான்கு முறை தண்ணீரில் விழுந்ததாகத் திரை சொன்னது. கணக்கு அவளுக்குத் தெரியும், விரல்தான் வேகமில்லை. பாலத்தின் விளிம்பில் பொம்மை மூச்சு விட்டபடி நிற்கிறது. கரைக்கு இன்னும் ஒரு பலகை. கேள்வி: ஒன்பதேழு.

முடிவு ஒன்று: அழிக்கிறேன், பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். (தட்ட மாட்டார்கள். வரிசையில் இடித்துக்கொண்டு நிற்பார்கள்.) பெட்டியை ரிச்சர்ட்ஸ் டவுனுக்கு, எங்கள் வீட்டுக்கே எடுத்துப் போய்விடுவதாகவும் எழுதிப் பார்த்தேன். அந்தப் பக்கத்தில் என்னைப் பார்க்க எனக்கே சகிக்கவில்லை. கடைசிப் பலகையை நானே போட்டு அவளைக் கரை சேர்த்துவிட்டு அழித்தால்? அது அழகான முடிவு. ஆனால் பாலம் அவள் கட்டியதாக இருக்காது, அதோடு

“அறுபத்து மூணு அங்கிள்,” என்றாள் லீனா. ஒருமுறைகூட ஆடாதவள். பார்த்தே கற்றிருக்கிறாள். “சீக்கிரம், பெல் அடிக்கப் போவுது. மிஸ்ஸ இரட்சிக்கணுமா, பேடவா?”

வேண்டாமா என்பதற்கு அவள் வாயில் கன்னடம்தான் வருகிறது.

5.

நான் இதற்கு மேல் எழுதாவிட்டால் மணி அடிக்காது. பொம்மை மூச்சு விட்டுக்கொண்டே நிற்கும். ஆனால் சி பிரிவும் நிற்கும், நாற்பது பேர்.

கன்ட்ரோலரை இந்த வரியின் முடிவில் வைக்கிறேன். அழிப்பதோ இரட்சிப்பதோ, நீங்கள் அழுத்துங்கள்.