வசன அட்டை

ஊமைப்படத்தில் அம்மா, அப்பாவின் காலடியில் மண்டியிட்டபோது பெரியவர் நாற்காலியில் இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்தார். சந்தேகப்படும் கணவன், பொறுத்துப்போகும் மனைவி. நிஜத் தம்பதியே நடித்த படம். எங்கோ ஒரு பழைய பெட்டியில் கிடைத்த ஒரே பிரதி. காட்சிகளுக்கு நடுவே பேச்சை எழுதிக்காட்டும் வசன அட்டைகள் மட்டும் சிதைந்துபோயிருந்தன. அவற்றைப் புதிதாக எழுதவும், திரையிடச் சம்மதக் கையெழுத்து வாங்கவும் வாரிசுகள் இருவரையும் காப்பகத்துக்கு அழைத்திருந்தார்கள்.

பக்கத்தில் தங்கை. ஐந்து வயதில் காய்ச்சலில் காது போனவள். உதட்டைப் பார்த்தே ஊர்க்கதை அத்தனையும் தெரிந்துகொள்வாள்.

"பாத்தீங்களாம்மா," என்றார் பெரியவர் காப்பகப் பெண்ணிடம். "எங்கப்பாவ எதுத்து எங்கம்மா ஒரு வார்த்தை பேசினதில்ல. படத்துலயும் மன்னிப்புதான் கேக்கறாங்க."

தங்கை அவர் வாயைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "மன்னிப்பா? மறுபடி ஓட்டச் சொல்லு."

மறுபடி அம்மா மண்டியிட்டாள், உதடுகள் அசைந்தன. தங்கை திரையிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னாள்: "'நேத்து அடிச்ச இடம் இன்னும் வீங்கியிருக்கு. தோள்ல கைய வைக்காதீங்க.'"

அப்பா தோளைப் பற்றித்தான் தூக்கினார். முகத்தில் கருணை வழிந்தது. அவர் உதட்டையும் தங்கை படித்தாள்:

"'கேமரா ஓடுது. வாய மூடிக்கிட்டு அழு.'"

அந்தத் தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தது பெரியவர்தான், பத்து வயதில். வழுக்கி விழுந்துவிட்டாள் என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு வந்ததும் அவர்தான். அன்றிலிருந்து அந்தப் பொய்யைக் கஞ்சி போட்ட சட்டைபோல விறைப்பாகவே உடுத்தி வந்திருந்தார்.

வாயைக் கையால் மறைத்துக்கொண்டார். தங்கைக்குத் தெரியக்கூடாததை வீட்டில் எல்லோரும் அப்படித்தான் பேசுவார்கள். அப்பா தொடங்கிவைத்த பழக்கம்.

"அவ ஏதோ உளறுறா. எழுதிக்கோங்க: 'என் பிழையைப் பொறுத்தருளுங்கள்.'"

காப்பகப் பெண் தயங்கி எழுதினாள். தங்கை எட்டிப் படித்தாள்.

"காது போனா கண்ணும் போயிடுமா அண்ணா?"

அவர் வாயிலிருந்து கையை எடுத்தார். "ஊரே பாக்கப்போற படம். அப்பா பேரு சந்தி சிரிக்கணுமா? கையெழுத்தப் போடு."

"அம்மா சொன்னத எழுதட்டும். போடறேன்."

"நான் உயிரோட இருக்கறவரைக்கும் நடக்காது."

பேனாவை நீட்டினார். அவள் கண்களை இறுக மூடிக்கொண்டாள். இனி அவர் கத்தினாலும் கெஞ்சினாலும் அவளுக்கு ஒன்றுதான். கூப்பிட வேண்டுமென்றால் தொட்டாக வேண்டும்.

சுருள் முடிந்து திரை வெறும் வெள்ளையாக நின்றது. பெரியவரின் கை தங்கையின் தோளுக்கு ஒரு சாண் தள்ளி அந்தரத்தில் நின்றது. அதன் நிழல் திரை முழுக்க விழுந்திருந்தது.