சங்குக்கு நாலு அடி

சேரங்கோட்டுக்கு மேலே இருந்த கையுறை பேக்டரி 2023 ஜூன் மாதம் தோட்டத் தொழிலாளர் லயத்தை நோக்கி நகரத் தொடங்கியது. பேக்டரியில் ஊதும் ஒவ்வொரு சங்குக்கும் நாலு அடி, நாளுக்கு நாலு சங்கு. ஞாயிற்றுக்கிழமை நகரவில்லை.

பதினாலு வருஷம் கடல் தாண்டி வேறு நாட்டில் தைத்த கம்பெனி அது. கப்பல் வாடகை ஏறி, அந்த ஊர்க் கூலியும் ஏறியதும் முதலாளிக்குச் சொந்த மண் ஞாபகம் வந்தது. மெஷின்களைக் கழற்றிக் கப்பலேற்றி மலைக்குக் கொண்டுவந்தார்கள். திறப்பு விழாவில் மேனேஜர் கருப்புசாமி, "இனி வேல உங்க ஊட்டு வாசல்லயேங்க" என்று மைக்கில் சொன்னார். வாசலுக்கும் பேக்டரிக்கும் நடுவே ஒன்றரைக் கிலோமீட்டர் யானைத்தடம் கிடந்தது.

லயத்தில் இருந்தவர்கள் இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பியவர்களின் பிள்ளைகள். மெஷின் ஓடும் இடத்தில் அதற்குக் காவலான ரோதைமுனிக்குக் கல் நட்டுச் சேவல் அறுக்காமல் வேலையில் கைவைக்க மாட்டார்கள். வைத்தால் மெஷின் விரலைக் கேட்கும். "உள்ள ரத்தங்கித்தம் ஆகாதுங்க, வெளிநாட்டுக்காரங்க பாக்க வருவாங்க" என்று கருப்புசாமி மறுத்துவிட்டார். ஆகவே பெண்கள் கல்லை லயத்தின் கடைசி வீடான வனிதா வீட்டுச் சுவரோரம் நட்டார்கள். முனி இருக்கும் இடத்துக்கு மெஷின் வந்தாக வேண்டும் என்பது யாருக்கும் தோன்றவில்லை. மறுநாள் முதல் சங்குக்கே பேக்டரி கிளம்பிவிட்டது.

தேயிலைச் செடிகள் அதன் அடியில் போய்ப் பின்பக்கம் வெளுத்து வெளியே வந்தன. எண்ணூறு அடி நகர்ந்திருந்தபோது, அங்கே பெட்டி தூக்கும் வேலையில் இருந்த வனிதாவின் கணவன் சுரேந்திரனைத் திரும்பும் வழியில் யானை மிதித்தது. சாப்பாட்டுத் தூக்கு மட்டும் நசுங்காமல் கிடைத்தது. பதினாறாம் நாள் வனிதா வேலைக்குப் போனாள். மகள் ரஞ்சனி இரண்டாம் ஷிப்டில் சேர்ந்தாள். வழி தினமும் பதினாறு அடி குறைந்தது. வனிதா அதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வருஷத்தில் பேக்டரி லயத்துக்குள் நுழைந்தது. முதல் வீடு அன்னக்கிளியுடையது. அவள் அடுப்புக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் நடுவில் பன்னிரண்டு மெஷின்கள் வந்து நின்றன. "வாங்க தொரை, வந்ததுதான் வந்தீங்க, ரசம் ஊத்தவா?" என்றாள் கருப்புசாமியிடம். அவர் சிரித்தார். மறுவாரம் அவளுக்குக் காய்ச்சல். லீவு கேட்டாள். "லீவு எதுக்குங்க? ஊட்லதான இருக்கறீங்க?" என்றார்.

அதன்பின் அன்னக்கிளி சிரிக்கவில்லை. பெண்களைக் கூட்டிக்கொண்டு வனிதாவிடம் வந்தாள். "கல்லப் புடுங்கி மேல கொண்டுபோய் நடுடி. அந்தச் சனியன் வந்த வழியே போவட்டும். வீடுன்னு ஒன்னு இருக்கட்டும் நமக்கு."

வனிதா கடப்பாரையை எடுத்தாள். கல்லின் ஒரு பக்கம் மண்ணை விட்டு எழும்பியதும் பேக்டரி முனகிக்கொண்டு நாலு அடி பின்னால் போனது. விடுபட்ட நாலு அடித் தரையில் யானைச் சாணம் கிடந்தது. ஆவி பறந்தது. உள்ளே ரஞ்சனி குனிந்து தைத்துக்கொண்டிருந்தாள்.

வனிதா கல்லை மறுபடி இறக்கி, சுற்றிலும் மண்ணைக் காலால் மிதித்து இறுக்கினாள்.

"பாவி" என்றாள் அன்னக்கிளி.

"ஆமா" என்றாள் வனிதா.

கல் மெஷின் ஹாலின் நடுவுக்கு வந்ததும் பேக்டரி நின்றது. அதற்குள் பதினெட்டு வீடும் உள்ளே போயிருந்தன. வெளிநாட்டுக்காரர்கள் பார்க்க வந்து, கல்லுக்கு மேலே தீயணைக்கும் மணல்வாளி ஒன்றை மாட்டச் சொன்னார்கள், மாட்டியாயிற்று. தபால்காரர் மெஷின் நம்பரைச் சொல்லிக் கூப்பிட்டுத் தபால் கொடுக்கிறார். ரஞ்சனி கண் விழிக்கும்போது கால் பெடல்மேல் இருக்கும்.

அதற்குப் பிறகு அந்த லயத்தில் யாரையும் யானை அடிக்கவில்லை. வெளியே போனால்தானே.