தொடக்கூடாத கல்

"தொட்டுராத. நகம் பட்டாலே கீறிரும்."

"கல்லுன்னு சொல்றீங்க, வெண்ணெய் மாதிரி பயப்படுறீங்க."

"கல்லுதான். ஆனா உள்ளுக்கு வெறும் கரியும் ஹைட்ரஜனும். கார்பதைட்டுன்னு பேரு."

"அப்ப சேதனச் சேர்வைன்னு சொல்லுங்க. அது கல்லா விளையுறது அபூர்வந்தான்."

"சயன்ஸ் டீச்சரைக் கட்டுனா இதுதான் வினை."

கல்யாணமான புதிதில் பேசியது. சவப்பெட்டிக்குள் கிடந்த சேதுராமனின் நெற்றியில் திருநீறு பூசும்போது கஜலட்சுமிக்கு அதுதான் நினைவில் வந்தது. கண்டியில் மாணிக்கக் கடை வைத்திருந்தவர், மோதிரத்துக்கு உதவாத அந்த மஞ்சள் கல்லை மட்டும் அம்பிட்டிய வீட்டைவிட்டு வெளியே கொண்டுபோனதேயில்லை. எப்போதாவது அலுமாரிக்குப் பின்னால் கைவிட்டு சுவிட்சைப் போடுவார். ஊதா விளக்கில் கல் நீலமாக ஒளிரும். அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்ப்பாள். ஒருக்கா என் கையில குடுங்களேன் என்று நாக்கு நுனிவரை வரும். கேட்டதில்லை.

"அண்ணி, பெட்டியைத் தூக்க நேரமாச்சு. அண்ணனோட சால்வையை எடுத்துட்டு வாங்க," என்றான் கொழுந்தன் தியாகராஜா.

அறைக்குள் றோஸ் நின்றிருந்தாள். கடையில் வேலை செய்பவள், கெலிஓயாக்காரி. காலையில் பக்கத்து வீட்டில், "சேதுராமன் ஐயா வீடு எதுங்க?" என்று விசாரித்துவிட்டுத்தான் உள்ளே வந்திருந்தாள்.

றோஸின் கை அலுமாரிக்குப் பின்னால் போனது. தேடவில்லை, தடவவில்லை. ஊதா விளக்கு எரிந்தது. கல் இருந்த சின்னப் பெட்டியின் கண்ணாடி மூடியைத் திறந்து, நகம் படாமல் விரல் சதையால் கல்லை ஏந்தி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். கை பழகியிருந்தது. நீலம் அதில் பூத்துக் கிடந்தது.

"நான் கொஞ்சம் பிந்தித்தான் கடை திறப்பேன், நீ கிளம்பு." கலஹா பள்ளிக்கூடத்துக்குக் கஜலட்சுமி பஸ் பிடிக்கும் காலைகளில் சேதுராமன் வாசல்வரை வந்து இப்படிச் சொல்லி வழியனுப்புவார். பாசமென்றே நினைத்திருந்தாள்.

றோஸ் திரும்பினாள். "டீச்சர்..."

கல்லைத் திரும்பக் கண்ணாடி மூடிக்குள் வைக்கப் போனாள்.

"வைக்காதீங்க."

"அண்ணி," என்று கூடத்திலிருந்து மறுபடியும் குரல் வந்தது.

கஜலட்சுமி சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். திருநீறு ஒட்டியிருந்த கையைச் சேலையில் துடைத்தாள். ஊதா வெளிச்சத்துக்குள் அதை நீட்டினாள்.

"எனக்கு எடுக்கத் தெரியாது, றோஸ். நீங்களே எடுத்து என் கையில வைங்க."