நானூற்று எண்பது செட்

தி. நகர் துணிக்கடையில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், செட் என்றால் ஒரே டிசைனில் ஐந்து சைஸ் என்பார்கள். இருபதிலிருந்து இருபத்தெட்டு வரை இரண்டிரண்டாக ஏறும் ஐந்து கவுன்களை ஒரு நாடாவில் கட்டி வைத்தால் அது ஒரு செட். கடைக்கு வந்த முதல் நாளே இதைக் கற்றுக்கொள்ளாதவர் இரண்டாம் நாள் திட்டு வாங்குவார். துறைமுகத்துச் சுங்க அதிகாரிக்கோ செட் என்றால் வேறு. மேலே போடுவதும் கீழே போடுவதும் சேர்ந்து ஒருத்தி உடுத்துகிற உடுப்புதான் அவருக்கு செட். இரண்டு இடத்துக்கும் நடுவே பதினோரு வருஷமாகக் காகிதம் அனுப்பிக்கொண்டிருந்த ஸ்வர்ணலதாவுக்கு இந்த வித்தியாசம் தெரியாதா? நன்றாகவே தெரியும். அதுதான் அவளைப் போட்டு வாட்டியது.

உஸ்மான் ரோட்டில் இருந்த அந்தக் கடையின் நான்காவது மாடியில் வெளிநாட்டுச் சரக்குக்கென்று ஒரு மேஜை உண்டு. அது அவள் ராஜ்யம். சீனாவிலிருந்து வரும் குழந்தைகள் உடுப்பு ஒருநாள்கூடத் துறைமுகத்தில் தங்கக் கூடாது என்பது அவள் வைராக்கியம். கப்பல் வருவதற்கு முன்பே காகிதங்களைத் தாக்கல் செய்துவிட வேண்டும், துணியில் எத்தனை சதவீதம் பருத்தி என்று முன்கூட்டியே கேட்டு வாங்க வேண்டும், லேபிளில் எந்த நாட்டுச் சரக்கு என்று இருக்கிறதா என்று போட்டோ அனுப்பச் சொல்ல வேண்டும். முதலாளி ஜவஹர் அண்ணாச்சி வருகிறவர் போகிறவரிடமெல்லாம், லதா இருக்கையில எனக்குக் கண்டெய்னர் கவலை கிடையாது என்று சொல்லிப் பெருமைப்படுவார். அவளுக்கும் தலைகால் புரியாமல்தான் இருந்தது.

துறைமுகத்தில் அவளுக்குக் கையும் காலுமாக இருந்தவர் ஏசுராஜ். சரக்கைச் சுங்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும் கிளியரிங் ஏஜென்ட் கம்பெனி ஆள். பட்டினப்பாக்கத்து மீனவக் குடும்பத்தில் கழுத்தில் சுங்கத்துறை அட்டை மாட்டிய முதல் ஆள். அந்த அட்டை இருந்தால்தான் உள்ளே போய் அதிகாரியிடம் காகிதம் நீட்ட முடியும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக்கூட அதை மாட்டிக்கொண்டு போவதாக அவர் மனைவி கேலி செய்வாளாம்.

தீபாவளிச் சரக்குக்கு ஆர்டர் போட்டபோது ஸ்வர்ணலதா வாய்ப்பழக்கத்தில் நானூற்று எண்பது செட் என்று எழுதிவிட்டாள். கேட்டதைக் கேட்டபடியே எழுதிக் கொடுக்கிறவர்கள் சீனாக்காரர்கள்; பில்லிலும் அப்படியே வந்துவிட்டது. கப்பல் வருவதற்கு முந்தின நாள் மதியம் ஏசுராஜிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ். இருபத்திரண்டு விநாடி. கீழ்த்தளத்தில் தள்ளுபடி அறிவிப்பு காதைப் பிளந்துகொண்டிருந்தது. "மேடம், பில்லுல செட்டுன்னு போட்டுகீது" என்பது வரைக்கும் கேட்டாள். தலைக்கு மேல் வேலை கிடந்தது. இன்று தாக்கல் செய்யாவிட்டால் சரக்கு தங்கிவிடும் என்ற அவசரம் வேறு. ஆமாம் செட்தான் என்று நினைத்துக்கொண்டு, கட்டைவிரல் படத்தைத் தட்டி அனுப்பிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் கண்டெய்னரைப் பிரித்தார்கள். காகிதத்தில் நானூற்று எண்பது உடுப்பு. பெட்டிக்குள்ளே இரண்டாயிரத்து நானூறு கவுன். ஒன்றுக்கு ஐந்தாக மறைத்துக் கடத்துகிறார்கள் என்று அதிகாரிகள் நினைத்ததில் தப்பே இல்லை. ஜவஹர் அண்ணாச்சி அலறியடித்துக்கொண்டு துறைமுகத்துக்கு ஓடினார். அங்கிருந்து போன் வந்தது.

"என்னம்மா லதா, எண்ணிக்கை தப்பா கெடக்குங்கானுவ. செட்டுன்னா என்னன்னு இந்த ஏசுராஜ் உன்கிட்ட கேட்டானா?"

ஒரு விநாடிதான். பதினோரு வருஷத்துப் பெருமை அத்தனையும் அந்த ஒரு விநாடியில் வந்து அவள் நாக்கில் உட்கார்ந்துகொண்டது.

"இல்ல அண்ணாச்சி. கேக்கல."

வாய் கூசாமல் சொன்னாள். போனை வைத்த பிறகுதான் அந்த வாய்ஸ் மெசேஜை முழுதாகக் கேட்டாள். "மேடம், பில்லுல செட்டுன்னு போட்டுகீது. மேல கீழ சேர்ந்த செட்டுன்னா கட்டைவெரல் போடுங்கோ. சைஸ் செட்டுன்னா ஒரு போன் அடிங்கோ, மாத்திடறேன்." கேட்டு முடித்ததும் அதை அழித்தாள்.

அபராதம் கட்டிப் பத்து நாளில் சரக்கு வந்துவிட்டது. தீபாவளிக்குள் கவுன்கள் விற்றும் போயின. விவகாரம் ஏஜென்ட் ஆளின் கவனக்குறைவு என்று முடிந்தது. வேறொருவர் புது அட்டையோடு காகிதம் வாங்க வந்தார். ஏசுராஜ் எங்கே என்று கேட்டாள். கம்பெனியிலிருந்து நிறுத்திவிட்டார்கள், அட்டையைப் பிடுங்கிக்கொண்டார்கள், இனி எந்தக் கம்பெனியும் சேர்க்காது என்றார் அவர், டீ குடித்துக்கொண்டே.

அதன் பிறகு ஸ்வர்ணலதாவுக்குச் சோறு இறங்கவில்லை. கடையில் பெண்கள் செட் செட் என்று கூவும்போதெல்லாம் உடம்பு கூசியது. தன்னைப் போல ஒரு ஈனப்பிறவி உண்டா என்று பஸ்ஸில் உட்கார்ந்து அழுதாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நடந்ததை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்ட கடிதத்தோடு பட்டினப்பாக்கத்துக்குப் போனாள்.

மனைவியின் மீன் கடைக்குப் பின்னால் ஸ்டூலில் ஏசுராஜ் சும்மா உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை. கழுத்து வெறுமையாக இருந்தது. வாங்க மேடம் என்று எழுந்து ஸ்டூலைக் கொடுத்தார். அவள் உட்காரவில்லை. நீங்கள் கேட்டீர்கள், கேட்கவில்லை என்று நான்தான் பொய் சொன்னேன் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"தெரியும் மேடம். அன்னிக்கி அண்ணாச்சி ஸ்பீக்கர்ல போட்டுத்தான் உங்கள கேட்டாரு. நானு பக்கத்துலதான் நின்னுகினு இருந்தேன். வாய்ஸ போட்டுக் காட்டலாம்னு போனு கையிலதான் இருந்திச்சு."

"ஏன் காட்டல?"

"காட்டவே வேணாம், நீங்களே சொல்லிடுவீங்கன்னு நெனச்சிகினு இருந்தேன். நீங்க இல்லேன்னதும் எனுக்கு ஒண்ணும் ஓடல மேடம். அதுக்கப்புறம் காட்டினா இன்னா, காட்டாங்காட்டி இன்னா."

அவளுக்கு நின்ற இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது. அங்கேயே அண்ணாச்சிக்குப் போன் போட்டாள். எல்லாவற்றையும் சொன்னாள். நாளை காலை ஏஜென்ட் கம்பெனிக்கும் சுங்க அலுவலகத்துக்கும் கடிதத்தைத் தானே கொண்டுபோய்க் கொடுக்கப் போவதாகவும், தன் வேலை போனால் போகட்டும் என்றும் சொன்னாள்.

"அப்ப அத்தன பேரு முன்னாடி அவன நான் கள்ளப்பயன்னு ஏசினேனேம்மா" என்றார் அண்ணாச்சி. "அவன்கிட்ட குடு."

அவள் போனை நீட்டினாள். ஏசுராஜ் அதைப் பார்த்தார். வாங்கவில்லை.

"கை ஈரமா கீது மேடம். அப்பாலிக்கா பேசறேன்னு சொல்லுங்கோ."

அவர் கை காய்ந்துதான் இருந்தது.