பத்தொன்பதாவது கேள்வி

"பொண்ணு பாக்க வர்றவங்ககிட்ட நீ நர்ஸுன்னு சொல்ல வேணாம்மா. ஆஸ்பத்திரி ஆபீஸ்ல வேலைன்னு சொல்லிக்கிறேன்" என்றாள் மாமியார், டம்ளர்களைத் துடைத்து அடுக்கியபடியே.

"நாந்தான் இன்னிக்கு வீட்லயே இருக்க மாட்டேனே அத்தை."

"அதுவும் நல்லதாப் போச்சு."

செருப்பை மாட்டிக்கொண்டிருந்த மருமகளுக்குச் சுருக்கென்றது. நாத்தனாருக்கு நல்ல இடம் அமைய, இருபத்திரண்டு வருஷ வேலையை ஒளித்துவைக்க வேண்டியிருந்தது.

கணவன் அவளுக்கு வந்த அழைப்புக் கடிதத்தை மறுபடி புரட்டினான். "நர்ஸுங்க விஷயத்துல நாடு எதை முதல்ல ஆராய்ச்சி பண்ணணும்னு முடிவு பண்ற கூட்டமாம். படுக்கையத் தட்டிப் போடுறதுல என்னடி ஆராய்ச்சி?"

அவள் கடிதத்தை அவன் கையிலிருந்து வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

கூட்ட அறையில் நீள மேஜையைச் சுற்றி டாக்டர்களும் பேராசிரியர்களும் இருந்தார்கள். நர்ஸுகள் மூவருக்கும் சுவரோரம் நாற்காலி. நின்றே பழகிய கால்கள் அவளுக்கு, உட்கார்ந்திருக்க இருப்புக்கொள்ளவில்லை.

தலைவர், அச்சடித்தே கொண்டுவந்த பட்டியலை வாசித்தார். பதினெட்டுக் கேள்விகள். முதல் கேள்வி: நோயாளிகளிடம் நர்ஸுகள் எவ்வளவு கனிவாகப் பேசுகிறார்கள்?

வாசித்து முடித்ததும் சுவர்ப்பக்கம் திரும்பினார். "சிஸ்டர், வெளியில டீக்குச் சொல்லிடுறீங்களா?"

பழக்கதோஷம், சட்டென்று எழுந்துவிட்டாள். ஆனால் கதவுப்பக்கம் போகவில்லை.

"டீக்கு அப்புறம் சொல்லலாம் சார். முதல்ல நான் ஒண்ணு சொல்லணும். எங்க வார்டுல முப்பத்தெட்டு பேருக்கு நான் ஒருத்தி. போன மாசம் பக்கவாதத்துல ஒரு பெரியவர் வந்தார். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை புரட்டிப் படுக்க வைக்கணும். என்னால முடியல. முதுகுல புண்ணு வந்து எலும்பு வரைக்கும் போச்சு. அதுலயே போய்ச் சேந்துட்டார். அவர்கிட்ட நான் கனிவாத்தான் சார் பேசினேன்."

தலைவர் கையிலிருந்த பட்டியலைச் சுட்டிக்காட்டினாள்.

"ஒரு நர்ஸுக்கு எத்தனை பேர்னு ஆகும்போது ஆளுங்க சாக ஆரம்பிக்கிறாங்க? அதை முதல்ல போடுங்க."

"அது நிர்வாகப் பிரச்சினைம்மா. ஆராய்ச்சியில வராது" என்றார் தலைவர்.

"எண்ணிப் பாக்காம எப்படி சார் தெரியும்?"

சுவரோரம் இருந்த மற்ற இருவரும் நாற்காலியை இழுத்துவந்து மேஜையோடு ஒட்டிப் போட்டார்கள். அவளுடையதையும்தான். சாயங்காலம்வரை இழுபறி. கடைசியில் அவள் கேள்வியைச் சேர்த்தார்கள், பத்தொன்பதாவதாக.

வீட்டுக்கு வந்து சொன்னபோது, "அவ்வளவுதானா? நாந்தான் சொன்னேனே" என்றான் கணவன். அன்றிரவு அவள் புரண்டு புரண்டு படுத்தாள்.

ஆறு மாதம் கழித்து முதல் ஆராய்ச்சி அவள் வார்டுக்கே வந்தது. கனிவைப் பற்றியதுதான். ஒரு கட்டுப் படிவங்கள். வேலை முடிந்ததும் நர்ஸே நிரப்ப வேண்டும்: இன்று எத்தனை நோயாளிகளைப் பார்த்துப் புன்னகைத்தீர்கள்?

படிக்கும்போதே படுக்கை ஒன்றிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். போய்ப் புரட்டிப் படுக்கவைத்துவிட்டு வந்தாள். அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுப் படிவத்தைத் திருப்பினாள். பின்பக்கம் பளிச்சென்று காலியாக இருந்தது.

நோயாளிகள் நாற்பத்தொன்று. நர்ஸ் ஒன்று. புரட்டிப் படுக்கவைக்க முடியாமல் போனவர்கள் ஒன்பது.

தேதி போட்டு, கையெழுத்தின் கீழே 'நர்ஸ்' என்று கொட்டை எழுத்தில் எழுதினாள். அடுத்த ஷிப்டுக்கு வந்த நர்ஸிடம் மிச்சப் படிவங்களை நீட்டினாள்.

"பின்பக்கம் எழுது" என்றாள். "எல்லாரையும் எழுதச் சொல்லு."