மாத்திரை போட்டாச்சா?

ஹாரன் என்று பட்டப்பெயரைச் சொன்னால் தெருவில் எல்லாருக்கும் அவரைத் தெரியும். ஆயுசு முழுக்க பஸ் ஓட்டிய மனுஷன். வாயைத் திறந்தால் ஊரே கூடும். மனைவி போனபிறகு அந்தக் குரலுக்கு வீட்டில் வேலையில்லாமல் போயிற்று. யாரிடம் போய்க் கத்துவது, சுவரிடமா?

வெளிநாட்டிலிருந்த மகள், இதயத்துக்கு நல்லதென்று மீன் எண்ணெய் மாத்திரை அனுப்பினாள். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்க இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. அன்றிலிருந்து தினமும் போன்.

"அப்பா, மாத்திரை போட்டாச்சா?"

அதற்குமுன் மாதத்துக்கு ஒரு தடவை பேசினாலே பெரிசு. மீன் மகராசி, நல்லா இருக்கட்டும்!

பொய் மட்டும் அவருக்கு வராது. அதனால் போன் வந்த பிறகுதான் மாத்திரையை வாயில் போடுவார். "இதோ போட்டுட்டேன் கண்ணு!" அவள் மறுபடி கூப்பிட்டால் மறுபடி அதே கேள்வி, முன்னே போட்டதைச் சொல்லி ஒப்பேற்ற மனசு வராமல் மறுபடி ஒன்று உள்ளே போகும். விடுமுறை நாளென்றால் கேட்கவே வேண்டாம். ஏப்பமெல்லாம் மீன் வாடை அடிக்கும், மனசு மட்டும் நிறைந்திருக்கும்.

ஒருநாள் சவரம் செய்யும்போது கன்னத்தில் சின்னக் கீறல். துண்டு நனைந்ததே தவிர ரத்தம் நிற்கவில்லை. கையிலும் அடிபடாமலே நீலத் திட்டுகள். துண்டை அழுத்திக்கொண்டு மருந்துக்கடைக்கு ஓடினார்.

கடைக்காரம்மா விஷயத்தைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "ரத்தம் உறையாம இருக்க ஏற்கனவே எங்கிட்டதான் மாத்திரை வாங்கிச் சாப்பிடறீங்க. அதுமேல இத்தனை மீன் எண்ணெயா?"

"மீன்தானேம்மா?"

"அளவுக்கு மிஞ்சினா அமிர்தமே ஆகாது, மீன் எம்மாத்திரம்! இத நிறுத்துங்க. பழைய மாத்திரைய மட்டும் நீங்களா நிறுத்திடாதீங்க. இப்பவே டாக்டரப் பாருங்க."

டாக்டர் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டு, மீன் எண்ணெயே வேண்டாம் என்றார்.

சாயங்காலம் போன் அடித்தது. எடுக்கக் கை வரவில்லை. நிறுத்தியாச்சு என்றால் அவள் எதற்குக் கூப்பிடப்போகிறாள்? கடைசியில் எடுத்தார்.

"அப்பா, மாத்திரை போட்டாச்சா?"

"இல்லம்மா. டாக்டர் வேணாம்னுட்டாரு." நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார்.

அந்தப் பக்கம் அழுகை.

"என்னாலதானேப்பா... இங்க எனக்குப் பேச ஒரு ஆளில்ல. அத ஒரு சாக்கா வச்சுத்தான் உங்களக் கூப்பிட்டுட்டிருந்தேன். இனிமே என்னத்தக் கேப்பேன்?"

ஊரையே கூட்டும் குரல் மெல்லிசாக வந்தது.

"சாப்பிட்டாச்சான்னு கேளு கண்ணு. நீ கேக்கற வரைக்கும் நான் தட்டு எடுக்க மாட்டேன்."